கண்காணாப் பிள்ளைகள்: அமெரிக்க வீட்டுவழிக் கல்வியில் மறையும் சிறார் வதையும் மீண்டவர்களின் வாழ்வும்

1. ஆய்வுப் பொருள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் கற்பிக்கும் முறை வீட்டுவழிக் கல்வி எனப்படுகிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இது சட்டப்படி ஏற்கப்பட்ட முறை. அந்நாட்டின் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் மதிப்பீட்டின்படி 1999இல் ஏறத்தாழ 8.5 லட்சம் பிள்ளைகள் இவ்வாறு கற்றனர். 2012இல் அந்த எண்ணிக்கை 17 லட்சத்தைத் தாண்டியது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், 2020இன் வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் இடையே, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் இம்முறையைக் கைக்கொண்டோரின் பங்கு 5.4 விழுக்காட்டிலிருந்து 11.1 விழுக்காடாக உயர்ந்ததாக மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தெரிவித்தது.

இக்குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை பிள்ளைகளின் நலன் கருதியே இம்முறையைத் தேர்ந்தெடுக்கின்றன. உடற்குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளியில் உரிய கவனம் கிடைக்காமை, சக மாணவர்களின் கொடுமை, சமய நம்பிக்கை, நிறவெறி குறித்த அச்சம் என்று காரணங்கள் பல. ஆனால் இதே சட்ட ஏற்பாட்டின் மறைவில் பிள்ளைகளைப் பட்டினி போட்டும் அடித்தும் கட்டிவைத்தும் வதைத்த பெற்றோரும் இருந்திருக்கின்றனர். அந்த வதை எவ்வாறு மறைந்தது, அதன் பரவலைப் பற்றிய சான்றுகள் எவ்வளவு வலுவானவை, மீண்டவர்கள் எவ்வாறு தம் வாழ்வை மீட்டெடுக்கின்றனர் என்னும் மூன்று கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டில் கற்பது வதையை உண்டாக்குவதாகச் சான்றுகள் காட்டவில்லை. குடும்பத்துக்கு வெளியே உள்ள எந்தப் பெரியவரின் பார்வையிலும் படாமல் ஒரு பிள்ளையை வளர்க்கச் சட்டம் இடம் தருவதே வதைப்பவருக்குத் துணையாகிறது. அந்தத் தனிமையை முறிப்பதே பாதுகாப்புக்கும் மீட்சிக்கும் அடிப்படை என்பது இக்கட்டுரையின் முடிவு.

2. இயக்கமும் சட்டமும்

நவீன வீட்டுவழிக் கல்வி இயக்கத்துக்கு இரு வேர்கள் உண்டு. ஒன்று, பள்ளி அமைப்பே பிள்ளைகளின் இயல்பான கற்றல் ஆர்வத்தைக் கெடுக்கிறது என்று வாதிட்ட ஜான் ஹோல்ட்டின் சிந்தனை. அவர் 1977இல் இதற்கெனத் தனி இதழ் ஒன்றைத் தொடங்கினார். மற்றொன்று, 1980களில் பெருகிய கிறித்தவ நற்செய்திச் சபைக் குடும்பங்களின் இயக்கம். மைக்கேல் ஃபாரிஸும் மைக்கேல் ஸ்மித்தும் 1983இல் தொடங்கிய வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் இந்த இரண்டாம் வேரிலிருந்து வளர்ந்தது. நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் இச்சங்கம் விடாது போராடியதால், 1993க்குள் எல்லா மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்ட ஏற்பைப் பெற்றது.

மாநிலங்களுக்கிடையே விதிகள் பெரிதும் வேறுபடுகின்றன. டெக்சஸ், ஐடஹோ, இலினாய், மிச்சிகன் போன்ற மாநிலங்களில், பிள்ளை வீட்டில் கற்பதாக அரசுக்குத் தெரிவிக்கும் கடமைகூடப் பெற்றோருக்கு நெடுங்காலம் இருந்ததில்லை. வேறு சில மாநிலங்கள் அறிவிப்பையும் ஆண்டு மதிப்பீட்டையும் கேட்கின்றன. பிள்ளைப் பாதுகாப்பை நேரடியாகக் கருதும் விதிகள் அரிது. வீட்டில் வசிக்கும் பெரியவர் ஒருவர் அண்மைக் காலத்தில் குறிப்பிட்ட குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தால் பென்சில்வேனியா வீட்டுவழிக் கல்வியைத் தடுக்கிறது. வீட்டில் பதிவுபெற்ற பாலியல் குற்றவாளி இருந்தால் ஆர்க்கன்சாஸ் தடுக்கிறது.

இந்தத் தளர்வுக்குப் பின்னே நீண்ட சட்ட மரபு இருக்கிறது. பிள்ளையின் கல்வியை வழிநடத்தும் பெற்றோர் உரிமையை உச்ச நீதிமன்றம் 1925இல் பியர்ஸ் வழக்கிலும் 1972இல் யோடர் வழக்கிலும் உறுதிசெய்தது. அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்று 1944இல் பிரின்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. யோடர் வழக்கில் நீதிபதி வில்லியம் டக்ளஸ், பெற்றோரின் விருப்பத்தை மட்டும் கேட்டால் போதாது, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்று பகுதி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அக்கருத்து பெரும்பான்மையாகவில்லை. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் அமெரிக்கா 1995இல் கையொப்பமிட்டும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஆகவே பெற்றோர் உரிமைக்கும் அரசின் அதிகாரத்துக்கும் இடையிலான வழக்காகவே இப்பொருள் பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. பிள்ளை அதில் தனித்த தரப்பாக நிற்கவில்லை.

3. பெரிஸ் நகர வழக்கு

கலிஃபோர்னியாவின் பெரிஸ் நகரில் 2018 ஜனவரி 14 அன்று 17 வயதுப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியே வீட்டிலிருந்து தப்பி, கைப்பேசியில் காவல்துறையின் அவசர எண்ணை அழைத்தாள். உடன்பிறந்தோரில் சிலர் கட்டிலில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்குள் சென்ற காவலர்கள் 2 முதல் 29 வயது வரையிலான 12 பேரைக் கண்டறிந்தனர்; தப்பிய பெண்ணோடு சேர்த்து உடன்பிறந்தோர் 13 பேர். அவர்களில் 7 பேர் 18 வயதைக் கடந்தவர்கள். ஊட்டமின்மையால் வளர்ச்சி குன்றியிருந்ததால் அவர்களையும் சிறுவர்கள் என்றே காவலர்கள் முதலில் எண்ணினர். மூத்த பெண்ணின் எடை ஏறத்தாழ 37 கிலோ. பிள்ளைகளில் சிலருக்குக் காவல்துறை அதிகாரி என்றால் யார் என்றே தெரியவில்லை என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் தெரிவித்தார்.

தந்தை டேவிட் டர்பின் தம் வீட்டையே ஒரு தனியார் பள்ளியாக மாநிலக் கல்வித் துறையில் பதிவுசெய்திருந்தார். ஆண்டுதோறும் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் கலிஃபோர்னியாவில் அது போதும். கற்பித்தலை நேரில் வந்து பார்க்கும் ஏற்பாடு சட்டத்தில் இல்லை. பெற்றோர் இருவரும் 2019 பிப்ரவரியில் 14 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டனர். ஏப்ரலில் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை பெற்றனர்.

வழக்கு வெளிவந்த சில மாதங்களில், வீட்டுப் பள்ளிகளையும் தீயணைப்புத் துறையின் ஆய்வுக்கு உட்படுத்தும் நோக்கில் முதலில் எழுதப்பட்ட மசோதா ஒன்று கலிஃபோர்னியச் சட்டமன்றத்தின் கல்விக் குழு முன் வந்தது. நூற்றுக்கணக்கான பெற்றோரும் பிள்ளைகளும் வரிசையில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். குழுவில் அதை முன்மொழிய ஒருவரும் முன்வராததால் மசோதா அங்கேயே கைவிடப்பட்டது. ஒரு குடும்பத்தின் குற்றத்துக்காக எல்லாக் குடும்பங்களையும் சந்தேகிக்கலாகாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த 13 பேரை யார், எப்போது பார்த்திருக்க முடியும் என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை.

4. சான்றுகளும் அவற்றின் எல்லைகளும்

தனி வழக்குகள் அதிர்ச்சி தரும், பரவலைச் சொல்லா. பரவலைப் பற்றிப் பேசும் சான்றுகளை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும்.

குழந்தை மருத்துவர் பார்பரா நாக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, சித்திரவதை எனத் தக்க கொடுமைக்கு உள்ளான 28 பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுள் பள்ளி வயதினரில் 29 விழுக்காட்டினர் பள்ளிக்கே அனுப்பப்படவில்லை. மேலும் 47 விழுக்காட்டினர் பள்ளியில் சேர்க்கப்பட்டு, பின் வீட்டில் கற்பிப்பதாகச் சொல்லி நிறுத்தப்பட்டவர்கள். குழந்தைப் பாதுகாப்புத் துறையின் விசாரணை ஒன்று முடித்துவைக்கப்பட்ட பின்பே இந்த நிறுத்தம் பெரும்பாலும் நிகழ்ந்தது என்பது ஆய்வின் முக்கியமான கண்டறிதல். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிள்ளைகள் மிகச் சிலர். அனைவரும் மிகக் கொடிய வதைக்கு உள்ளானவர்கள். ஆகவே வீட்டில் கற்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் வதைக்கப்படுகின்றனர் என்பதை இதிலிருந்து கணிக்க முடியாது. வதைப்பவர் எந்த வழியைக் கையாள்கிறார் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

கனெடிகட் மாநிலத்தில் 17 வயது ஆட்டிசப் பையன் ஒருவன் 2017இல் பட்டினியாலும் கொடுமையாலும் இறந்தான். அவனுடைய சகோதரியை வீட்டில் கற்பிப்பதாகச் சொல்லித் தாய் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார். இதையடுத்து மாநிலக் குழந்தை நல வழக்கறிஞர் அலுவலகம் ஆறு பள்ளி மாவட்டங்களின் மூன்றாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. வீட்டுவழிக் கல்விக்கென நிறுத்தப்பட்ட 380 பிள்ளைகளில் 36 விழுக்காட்டினர், வதை அல்லது புறக்கணிப்புப் புகார் ஒன்றாவது முன்பே ஏற்கப்பட்டிருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்று அது கண்டது. புகார் ஏற்கப்பட்டது என்பதால் குற்றம் உறுதியாகிவிடாது. பள்ளியோடு ஏற்பட்ட பூசலும் சில புகார்களுக்குப் பின்னே இருக்கலாம். இவற்றைக் கழித்துப் பார்த்தாலும், புகாருக்கு உள்ளான குடும்பத்திலிருந்து பிள்ளை நிறுத்தப்படும்போது அதன் பிறகு அப்பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை என்ற குறை எஞ்சி நிற்கிறது.

மறுபுறத்தில், பிரையன் ரேயும் டேனிஷ் ஷகீலும் 2022இல் வெளியிட்ட ஆய்வு பெரியவர்களிடம் அவர்களின் இளமைக்கால அனுபவங்களைக் கேட்டது. குடும்பப் பின்னணி வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகு, வீட்டில் கற்றவர்களுக்கும் பள்ளியில் கற்றவர்களுக்கும் இடையே வதை அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது முடிவுகூறியது. இம்முடிவை ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில், ரே வீட்டுவழிக் கல்விக்கு ஆதரவாக நெடுங்காலம் இயங்கும் ஆய்வு நிறுவனத்தின் தலைவர்; உயிர் பிழைக்காதவர்களும் உலகத்திலிருந்து முற்றாகத் துண்டிக்கப்பட்டவர்களும் இத்தகைய கருத்தாய்வுகளில் இடம்பெறுவது அரிது.

ஆசிரியர்களின் பங்கு பற்றிய தரவு இன்னொரு கோணத்தைத் தருகிறது. அமெரிக்காவில் ஆசிரியர்கள் வதை பற்றிச் சந்தேகம் எழுந்தால் புகார் அளிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். மத்திய சுகாதாரத் துறையின் கணக்கின்படி 2019இல் வந்த புகார்களில் 21 விழுக்காடு கல்விப் பணியாளர்களிடமிருந்து வந்தது. பள்ளிகள் மூடப்பட்ட 2020இல் அப்பங்கு 17 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. பிள்ளையைப் பார்க்கும் கண்கள் குறைந்தால் புகாரும் குறைகிறது. வதை குறைந்ததா என்பதை அக்கணக்கு சொல்லாது.

எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை. பள்ளியிலும் பிள்ளைகள் வதைக்கப்படுகின்றனர். ஆசிரியரே குற்றவாளியான வழக்குகள் ஏராளம். மேலும், புகார் முறை ஏழைக் குடும்பங்களையும் கருப்பினக் குடும்பங்களையும் மிகுதியாகத் தாக்குகிறது. வறுமையே புறக்கணிப்பாக எழுதப்பட்டுவிடுகிறது. இவ்விரண்டும் உண்மை. இவை கண்காணிப்பு எப்படி அமைய வேண்டும் என்பதில் கவனத்தைக் கோருகின்றன. கண்காணிப்பே வேண்டாம் என்ற முடிவுக்கு இவை இட்டுச்செல்லவில்லை. பள்ளியில் வதைக்கப்படும் பிள்ளைக்கு வீடு திரும்பிச் சொல்ல ஒருவர் இருக்கலாம். வீடே வதைக்களமாகி, வெளியே செல்லும் வழியும் அடைபட்ட பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லை.

5. வதை மறையும் வழிகள்

அறியப்பட்ட வழக்குகளில் நான்கு கூறுகள் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன.

முதலாவது, நிறுத்தும் தருணம். இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 10 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலில் காயங்களைக் கண்ட பள்ளி 2023 மார்ச்சில் அதிகாரிகளுக்குத் தெரிவித்தது. சில நாட்களில் அந்த விசாரணை முடித்துவைக்கப்பட்டது. ஏப்ரலில் அவள் வீட்டில் கற்பதாகச் சொல்லப்பட்டுப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள், ஆகஸ்டில் கொல்லப்பட்டாள். தந்தையும் சிற்றன்னையும் 2024 டிசம்பரில் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. நாக்ஸின் ஆய்வு கண்ட அதே வரிசை இங்கும் தோன்றுகிறது.

இரண்டாவது, மருத்துவரும் உறவினரும் அண்டை வீட்டாரும் விலக்கப்படுவது. அடிக்கடி வீடு மாறுவது இதற்கு உதவுகிறது. டர்பின் குடும்பம் டெக்சஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கும், அங்கேயே ஊர் விட்டு ஊரும் மாறியது.

மூன்றாவது, ஆவணமின்மை. வீட்டில் பிறந்து, பிறப்புச் சான்றிதழோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ பள்ளிப் பதிவோ இல்லாமல் வளர்ந்தவர்கள் உண்டு. பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கே அரசிடம் சான்று இல்லாதபோது, அவளைக் காணவில்லை என்று எவரும் தேடுவதில்லை.

நான்காவது, கொடுமைக்கு நியாயம் கற்பிக்கும் போதனை. மைக்கேல் பேர்ல், டெபி பேர்ல் இணையர் 1994இல் வெளியிட்ட பிள்ளை வளர்ப்பு நூல், கீழ்ப்படிதல் வரும்வரை அடிப்பதைச் சமயக் கடமையாக முன்வைத்தது. கலிஃபோர்னியாவில் 2010இலும் வாஷிங்டன் மாநிலத்தில் 2011இலும் வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களில் தத்தெடுக்கப்பட்ட இரு சிறுமியர் கொடுமையால் இறந்தனர். இரு வீடுகளிலும் அந்நூல் இருந்தது. தம் நூல் வதையை ஆதரிக்கவில்லை என்று ஆசிரியர்கள் மறுத்தனர். வாஷிங்டன் அறிவிப்பையும் ஆண்டு மதிப்பீட்டையும் கேட்கும் மாநிலம் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மதிப்பீட்டின் முடிவைக் குடும்பமே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததால் அவ்விதி அச்சிறுமியைக் காக்கவில்லை. தாள் அளவிலான விதியால் பயனில்லை. பிள்ளையை நேரில் ஒருவர் பார்க்க வேண்டும்.

6. மீண்டவர்களின் வாழ்வு

நீண்டகால வதையிலிருந்து மீள்வதைப் பற்றிய சிந்தனைக்கு மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மனின் 1992ஆம் ஆண்டு நூல் அடித்தளமிட்டது. பாதுகாப்பை நிறுவுதல், நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் அனுசரித்தல், பிற மனிதர்களோடு மீண்டும் இணைதல் என மீட்சியை மூன்று கட்டங்களாக அவர் விளக்கினார். தப்ப முடியாத சூழலில் திரும்பத் திரும்ப நிகழும் வதை, ஒற்றை விபத்தின் அதிர்ச்சியிலிருந்து வேறுபட்ட விளைவுகளைத் தருகிறது என்றும் அவர் வாதிட்டார். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இவ்விளைவுகளின் தொகுப்பைத் தனி நோயாக ஏற்றது. அப்பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. கொடுங்கனவும் பதற்றமும் மட்டுமின்றி, உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த இயலாமை, தான் பயனற்றவர் என்ற ஆழ்ந்த எண்ணம், உறவுகளில் நெருங்க முடியாமை ஆகியவையும் அந்நோயின் குறிகள்.

வீட்டுவழிக் கல்வியின் மறைவில் வதைபட்டவர்களுக்குச் சில தனித்த சுமைகள் உண்டு. அவர்களுக்கு உணவிட்டவரும் கற்பித்தவரும் கடவுளைப் பற்றிச் சொன்னவரும் வதைத்தவரும் ஒருவரே. நம்பியிருக்க வேண்டியவரே காயப்படுத்தும்போது, உயிர் வாழ்வதற்காகப் பிள்ளையின் மனம் அதை அறியாமலே இருந்துவிடுகிறது என்று உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் விளக்கினார். ஒப்பிட வேறு குடும்பத்தைக் கண்டிராத பிள்ளைக்கு, தன் வீட்டில் நடப்பது தவறு என்று தெரியவே பல ஆண்டுகள் ஆகலாம். புத்தகத்தைத் திறப்பதே அச்சம் தருவதாகவும் ஆகலாம். தப்பியவருக்கு, வீட்டில் விட்டுவந்த தம்பி தங்கையரைப் பற்றிய குற்றவுணர்வு நீங்குவதில்லை.

ஆகவே மீட்சியின் முதல் கட்டம் மருந்துக்கும் உரையாடலுக்கும் முன்பே தொடங்குகிறது. உண்ண உணவு, தங்க இடம், உடல்நலச் சிகிச்சை, அடையாள ஆவணம் ஆகியவை இல்லாமல் பாதுகாப்பு இல்லை. ஆவணமின்றி வளர்ந்த இளம்பெண் ஒருவர் தம் நிலையைப் பொதுவெளியில் எடுத்துரைத்ததைத் தொடர்ந்து, பிள்ளையின் பிறப்பை உறுதிசெய்யும் ஆவணத்தைத் தர மறுக்கும் பெற்றோரைத் தண்டிக்க டெக்சஸ் 2015இல் சட்டம் இயற்றியது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் வாகன உரிமத்துக்கும் கல்லூரிக்கும் அந்த ஒற்றைத் தாள் வாயில்.

அடுத்தது சிகிச்சை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பிள்ளைகளுக்குப் பயன் தருவது பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. பெரியவர்களுக்கு அதனோடு கண்ணசைவு வழிச் சிகிச்சையும் பரிந்துரைக்கப்படுகிறது. பெற்றோரை மன்னிப்பதோ அவர்களோடு இணங்கிப்போவதோ மீட்சிக்கு நிபந்தனை அன்று. அதைக் கட்டாயமாக்குவது, கீழ்ப்படிதலை மட்டுமே கற்றவரிடம் மீண்டும் கீழ்ப்படியச் சொல்வதாகும்.

கல்வி இவர்களுக்கு மீட்சியின் முக்கியமான பகுதி. உயர்நிலைப் பள்ளிக்கு இணையான தேர்வும், உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரிகளும் இவர்களில் பலருக்கு முதல் படி. ஐடஹோவின் மலைப்பகுதியில் பள்ளி செல்லாமல் வளர்ந்து, 17 வயதில் முதன்முதலாக வகுப்பறையில் அமர்ந்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற டாரா வெஸ்ட்ஓவரின் 2018ஆம் ஆண்டு நினைவு நூல் இதைப் பரவலாக அறியச் செய்தது. தம் குடும்பத்தில் நிகழ்ந்த வன்முறையைச் சொன்னதற்காகப் பெற்றோரின் உறவை அவர் இழந்தார் என்பதும் அந்நூலின் செய்தி. அவருடைய உயரத்தை மற்றவர்களுக்கு அளவுகோலாக்குவது தகாது. எழுதப் படிக்கக் கற்பதும், தனியே கடைக்குச் சென்று வருவதும், அச்சமின்றி உறங்குவதும் பலருக்குப் பெரும் வெற்றிகள்.

மூன்றாவது கட்டமான இணைதலில், ஒத்த அனுபவமுள்ளோரின் துணை பெரிது. வீட்டில் கற்று வளர்ந்தவர்களே 2013இல் பொறுப்பான வீட்டுக்கல்விக் கூட்டமைப்பைத் தொடங்கினர். வீட்டுவழிக் கல்வியில் நிகழ்ந்த கொடிய வதை வழக்குகளைத் தொகுக்கும் பணியும் அவர்களுடையதே. வீட்டுவழிக் கல்வியை ஒழிக்க அவர்கள் கோரவில்லை. அது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக அமைய விதிகள் கோருகின்றனர். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த எம்மி வெர்னரின் ஆய்வும் இங்குப் பொருந்தும். கடும் இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்வாழ்வு வாழ்ந்தனர். அன்பும் அக்கறையும் கொண்ட ஒரு பெரியவராவது அவர்களுக்கு வாய்த்திருந்தார்.

மீட்கப்பட்ட நாளோடு அரசின் கடமை முடிவதில்லை. டர்பின் பிள்ளைகளில் இளையோர் சிலர் ஒப்படைக்கப்பட்ட வளர்ப்புக் குடும்பத்திலும் வதைக்கப்பட்டனர். அக்குடும்பத்தினர் பின்னர்த் தண்டிக்கப்பட்டனர். டர்பின் பிள்ளைகளுக்கென மக்கள் அளித்த நன்கொடையைக்கூட அவர்களால் எளிதில் பெற முடியவில்லை. ரிவர்சைட் மாவட்ட நிர்வாகம் அமர்த்திய தனி விசாரணையின் அறிக்கை 2022இல் வெளிவந்து, இப்பிள்ளைகளை மாவட்டப் பாதுகாப்பு அமைப்பு பல வகைகளில் கைவிட்டது என்று கூறியது. மீட்பு ஒரு நாள் நிகழ்வு. மீட்சி பல ஆண்டுப் பணி.

7. தீர்வுகளும் முடிவும்

தீர்வு குறித்த நிலைப்பாடுகள் மூன்றாகப் பிரிகின்றன. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்த்தலெட் 2020இல், பொதுவான தடையை முன்வைத்து, தக்க காரணம் காட்டுவோர்க்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்று வாதிட்டுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். ஜெர்மனி ஏறத்தாழ இத்தகைய கட்டாயப் பள்ளி முறையையே பின்பற்றுகிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019இல் வுண்டர்லிக் வழக்கில் அதை ஏற்றது. வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் புதிய விதி எதுவுமே தேவையில்லை என்கிறது. பொறுப்பான வீட்டுக்கல்விக் கூட்டமைப்பு இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது.

தடை மிகையானது. வதைக்காத பெரும்பான்மைக் குடும்பங்களையும் பள்ளியால் காயப்பட்ட பிள்ளைகளையும் அது தண்டிக்கும். விதியே வேண்டாம் என்பதும் ஏற்கத்தக்கதன்று. அதன் விலையைப் பேச வாய்ப்பற்ற பிள்ளைகளே செலுத்துகின்றனர். சான்றுகள் சுட்டும் இடம் குறுகியது, தெளிவானது: பிள்ளையை நிறுத்தும் தருணமும் அதன் பிறகான பார்வையின்மையும். வதை விசாரணை நிலுவையில் உள்ளபோது பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த அனுமதிக்கலாகாது. அண்மையில் புகாருக்கு உள்ளான குடும்பம் எனில் நிறுத்துமுன் மீளாய்வு வேண்டும். வீட்டில் கற்கும் ஒவ்வொரு பிள்ளையும் பதிவேட்டில் இருக்க வேண்டும். குடும்பத்தைச் சாராத, புகாரளிக்கும் கடமை உள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளையை நேரில், தனியே சந்திக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு 2024 டிசம்பரில் முன்வைத்த மசோதா, பள்ளிக்கு வெளியே கற்கும் பிள்ளைகளுக்கான பதிவேட்டையும், பாதுகாப்பு விசாரணையில் உள்ள பிள்ளையை நிறுத்த உள்ளாட்சியின் ஒப்புதலையும் கோரியது. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றத்தக்க வழி இது.

பெற்றோருக்குத் தம் பிள்ளைக்குக் கற்பிக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையில் பிள்ளையை உலகின் கண்ணிலிருந்து மறைக்கும் உரிமை அடங்காது. வெளியாள் ஒருவரிடம் தன் குறையைச் சொல்லும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது. அதை உறுதிசெய்யாத எந்தக் கல்விச் சட்டமும் குறையுடையதே.